முன் கண்ணாடியில் விரிசல்: சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கலாமா?

முன் கண்ணாடியில் கல் தெறித்ததும் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "இதோடு ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?" என்பதுதான். பிடிப்பதும் பிடிக்காததும் அன்றைய நேரத்தைப் பொறுத்தது. அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. ஓட்டுபவருக்குச் சாலை தெளிவாகத் தெரிகிறதா? கண்ணாடி இன்னும் உறுதியோடு நிற்கிறதா? நாட்டுக்கு நாடு அளவுகள் மாறினாலும், சட்டங்கள் சுற்றிச் சுற்றி இந்த இரண்டிடம்தான் வருகின்றன. 1968-இல் உருவான வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே, கண்ணாடி உடைந்த நிலையிலும் ஓட்டுநருக்குப் பாதை போதிய அளவு தெரிய வேண்டும் என்கிறது.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆபத்தை உண்டாக்கும் பழுது இருப்பது தெரிந்தே ஓட்டினாலும் குற்றம். சாதாரணமாகக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டினாலும் குற்றம். ஆகவே "நான் கவனிக்கவில்லை" என்ற பதில் அங்கே நிற்காது. அந்தப் பழுதால் யாருக்காவது காயம் பட்டாலோ, பொருளுக்குச் சேதம் வந்தாலோ மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. பிரிட்டனில் கண்ணாடி ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி பராமரிக்கப்பட வேண்டும் என்று விதி. வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்க ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் மில்லிமீட்டர் கணக்கிலேயே அளந்து பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் செய்ய வேண்டியது: ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்

வெளியே நின்று பார்த்தால் எல்லா விரிசலும் பெரிதாகத்தான் தெரியும், இல்லாவிட்டால் எல்லாமே சின்னதாகத் தெரியும். அதனால் உள்ளே போய், எப்போதும் ஓட்டும் அதே நிலையில் உட்காருங்கள். ஒரு ஏ4 தாளை எடுத்து, அதன் நீளமான பக்கம் படுக்கையாக இருக்கும்படி, ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கு நேராகக் கண்ணாடியில் பிடியுங்கள். தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். பிரிட்டன் சோதனையில் 'ஏ பகுதி' என்று சொல்லப்படும் இடம் 290 மில்லிமீட்டர் அகலம். ஸ்டியரிங்கின் நடுவை மையமாக வைத்து, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் அது வரும். ஜெர்மனியிலும் ஏறக்குறைய இதே அகலத்தைத்தான் ஓட்டுநரின் நேர்ப்பார்வைப் பகுதியாகக் கொள்கிறார்கள். தாளின் இரண்டு ஓரங்களுக்கும் நேராக, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் சின்னதாக அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே, வைப்பர் போய்வரும் உயரம் முழுவதும் உங்கள் முக்கியப் பகுதி.

அப்புறம் ஒரு ஸ்கேலை வைத்துச் சேதத்தை அளந்து, ஸ்கேலோடு சேர்த்தே ஒரு படம் எடுங்கள். தேதியும் நேரமும் பதிவாகியிருக்கட்டும். பின்னால் காப்பீட்டுக்கும் அது உதவும். விரிசல் வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

சின்ன சில்லு பெயர்ந்திருக்கிறது, முக்கியப் பகுதிக்கு வெளியே

இருப்பதிலேயே லேசான நிலை இதுதான். பிரிட்டன் சோதனையில், ஏ பகுதிக்கு வெளியே வைப்பர் துடைக்கும் பரப்பில் 40 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சேதத்துக்காக வண்டியை நிராகரிப்பதில்லை. வண்டியை ஓட்டலாம்.

ஆனால் ஒரு வேலை உடனே ஆக வேண்டும். அந்த இடத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் ஒரு சின்னத் துண்டு கண்ணாடி நிற டேப்பை ஒட்டுங்கள். பெயர்ந்த குழிக்குள் தண்ணீர், தூசி, சோப்பு, மெழுகு எதுவும் இறங்கக் கூடாது. பழுதுபார்ப்பவர் ஒரு சிறு கருவியை வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற பிசினை அழுத்தி ஏற்றி, புற ஊதா ஒளியில் இறுக வைப்பார். உள்ளே ஈரமோ அழுக்கோ இருந்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் கறையாகத் தெரியும். சீக்கிரம் போனால் அரை மணி நேர வேலையில் முடிந்துவிடும். இதைத் தள்ளிப்போட்டு முழுக் கண்ணாடியையும் மாற்றுகிற நிலைக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தடுத்திருக்கக்கூடிய செலவு அது.

அதே சில்லு, ஆனால் கண்ணுக்கு நேராக

இங்கே கணக்கு மாறுகிறது. ஏ பகுதிக்குள் அனுமதிக்கப்படுவது 10 மில்லிமீட்டர் வரைதான். சுண்டுவிரல் நகத்தின் அகலம் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஜெர்மனியில் நேர்ப்பார்வைப் பகுதியில் விழுந்த சேதத்தை ரெசின் வைத்து அடைக்கவே அனுமதி இல்லை. கண்ணாடியை மாற்றியாக வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ரெசின் அடைத்த இடத்தில் மெல்லிய தழும்பு மிஞ்சும், எதிரே வரும் விளக்கொளி அதில் பட்டுச் சிதறும் என்பதுதான் காரணம்.

உங்கள் நாட்டில் மில்லிமீட்டர் அளவு எழுதப்படாவிட்டாலும் இந்த 10 மில்லிமீட்டரை ஒரு கோடாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதைத் தாண்டிவிட்டால் அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள். தாண்டவில்லை என்றாலும், ஓட்டும்போது கண் தானாக அந்தப் புள்ளிக்கு ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடுகிறது என்றால் உங்கள் கவனம் சாலையில் முழுதாக இல்லை. இந்த இடத்தில் டேப் ஒட்டுவதும் சரிவராது. டேப்பே பார்வையை மறைக்கும். வண்டி நிற்கும்போது ஒட்டி, எடுக்கும்போது பிய்த்துவிடுங்கள்.

நட்சத்திரம் மாதிரி கால்கள் பிரிந்திருக்கின்றன

வட்டமாகப் பெயர்ந்ததைவிட நட்சத்திர உடைவு நம்பத்தகாதது. ஒவ்வொரு காலும் ஒரு விரிசலின் தொடக்கம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் நடுப்புள்ளியை மட்டும் அளக்காதீர்கள். நீளமான காலின் நுனியிலிருந்து எதிர்ப்பக்க நுனி வரை அளக்க வேண்டும். ஒவ்வொரு காலின் நுனிக்கும் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். கால் புள்ளியைத் தாண்டியிருந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அமெரிக்காவில் லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்களுக்கான கூட்டரசு விதியில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. சேதம் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டுக்குள் மறைந்துவிட வேண்டும். அதேபோன்ற இன்னொரு சேதம் 76 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கோடாக ஓடும் விரிசலானால் இன்னொரு விரிசல் அதை வெட்டக் கூடாது. சொந்தக் கார்களுக்கு அங்கே மாநிலச் சட்டங்கள்தான் பொருந்தும். ஆனாலும் இந்த விதியில் உள்ள நியாயம் எல்லோருக்கும் உதவும்: இரண்டு சேதங்கள் நெருங்கி இருந்தாலோ, விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டினாலோ, அந்த இடத்தில் கண்ணாடி மிகவும் பலவீனமாகிவிட்டது.

விரிசல் நேற்றைவிட இன்று நீளம்

வளரும் விரிசல்தான் மக்களை அதிகம் ஏமாற்றுகிறது. காலையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது, மாலையில் பாதிக் கண்ணாடியைக் கடந்திருக்கும். ஏன் வளர்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். பிரெஞ்சு வேதியியலர் எடுவார் பெனடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடியின் வழிவந்தது இது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் உடையும். நடுப்படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். உடைந்த தகட்டின் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்தால், விரிவதும் சுருங்குவதும் ஒரே அளவில் இருக்காது. அந்த இழுப்பு முழுவதும் விரிசலின் நுனியில் போய்ச் சேரும்.

அதனால்தான் வெயிலில் காய்ந்த வண்டியில் ஏறியதும் ஏசி காற்றை நேராகக் கண்ணாடி மீது திருப்பக் கூடாது. பனி உறைந்த காலையில் முழுச் சூட்டில் டிஃபாகரைப் போடுவதும் அதே தவறு. வெந்நீர் ஊற்றுவது இன்னும் மோசம். காற்றை முதலில் கால் பக்கம் திருப்பி, உள்ளே மெல்ல மெல்ல வெப்பநிலை மாறட்டும். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று முன் கண்ணாடியை வெளியே தள்ளும். பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுச் சாத்துங்கள். குண்டும் குழியுமான பாதையைத் தவிருங்கள், வேகத்தடையில் நிதானமாக ஏறி இறங்குங்கள். நிழலில் நிறுத்துங்கள். அழுத்தத் தண்ணீரில் கழுவுவதைத் தள்ளிவையுங்கள்.

நகப்பூச்சோ சூப்பர் க்ளூவோ தடவினால் விரிசல் நின்றுவிடும் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். விரிசலின் வாயில் அது இறுகிவிட்டால் பிறகு ரெசின் உள்ளே போக வழியே இருக்காது.

விரிசல் வளர்கிறது என்று உறுதியானால் என் கருத்து ஒன்றுதான்: வண்டியின் அடுத்த பயணம் கண்ணாடிக் கடைக்காக மட்டும் இருக்கட்டும். அதுவும் பகலில், குறைந்த வேகத்தில், பக்கத்தில் இருக்கும் கடைக்கு.

விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டது

கண்ணாடியின் ஓரம், வண்டியின் உடலோடு ஒட்டப்பட்டிருக்கும் இடம். இழுப்பு அங்கேதான் அதிகம். ஓரத்திலிருந்து கிளம்பிய விரிசல் வேகமாக ஓடும், ரெசினுக்கும் பெரும்பாலும் அடங்காது. பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், கண்ணாடி உறுதியோடு நிற்கிறதா என்ற இரண்டாவது கேள்வி இங்கே வந்துவிடுகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் முன் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் மோதி, அதன் பிறகே பயணியின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி நழுவினால் ஏர்பேக் வெளிப்பக்கம் போய்விடும். ஓர விரிசல் உள்ள வண்டியில், மாற்றும் வரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காமல் இருப்பது நல்லது.

கல்லே படவில்லை, தானாக விரிந்திருக்கிறது

பால் பாயின்ட் பேனாவின் நுனியை விரிசலின் மேல், ஓரத்திலிருந்து தொடங்கி முழு நீளத்துக்கும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது நுனி பள்ளத்தில் சிக்கினால் அங்கே கல் பட்டிருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. எங்குமே சிக்கவில்லை என்றால் அது அழுத்தத்தால் வந்த விரிசலாக இருக்கலாம்: கண்ணாடி பொருத்தியதில் குறை, கண்ணாடியைத் தாங்கும் சட்டம் நெளிந்திருப்பது, அல்லது தயாரிப்பிலேயே குறை. புதிய வண்டி என்றாலோ சமீபத்தில் மாற்றிய கண்ணாடி என்றாலோ, எதையும் தொடாமல் படம் எடுத்து உத்தரவாதத்தின் கீழ் கேளுங்கள். ஓட்டுவதைப் பொறுத்தவரை, ஓர விரிசலுக்குச் சொன்னதேதான் இதற்கும்.

உள்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது

உள்தகடும் உடைந்துவிட்டது என்று அர்த்தம். இனி நடுப்படலம் மட்டும்தான் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடித் தூள் கண்ணிலும் விழலாம். வெறும் விரலால் தேய்க்காமல் ஒரு துணியை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்ட வேண்டாம்.

பகலில் சரி, இரவில் எதிர் விளக்கு பட்டால் எதுவும் தெரியவில்லை

பலர் விரிசலை மட்டும் தேடுவார்கள். வைப்பர் கிழித்த கீறல்களைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். தேய்ந்த வைப்பரின் உலோக முனை உரசிய வில் வடிவக் கோடு பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் எதிரே ஒரு விளக்கு வந்தால் அந்தக் கோடு முழுவதும் வெள்ளையாக எரியும். சட்டம் கேட்பது பார்வை மறைகிறதா என்பதைத்தான். விரிசல் இல்லை, வெறும் கீறல்தான் என்றாலும் பொறுப்பு ஒன்றுதான்.

சோதிப்பது எளிது. இருட்டியதும் ஒரு தெருவிளக்குக்கு எதிரே வண்டியை நிறுத்தி, உங்கள் இருக்கையிலிருந்து கண்ணாடி வழியாக விளக்கைப் பாருங்கள். தலையை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். சேதம் பட்ட இடம் விளக்கைக் கடக்கும்போது ஒளி ஒரு புள்ளியாக நிற்கிறதா, சிதறி அகலமாகப் பரவுகிறதா? பரவினால் அந்தப் பரப்புக்குப் பின்னால் நடந்து போகிறவரை நீங்கள் பார்க்கமாட்டீர்கள். சரிசெய்யும் வரை இரவிலும் மழையிலும் வண்டியை எடுக்காமல் இருங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டுச் சோதியுங்கள். உள்ளே படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் இதே வேலையைச் செய்யும்.

வைப்பர் ரப்பர் பெயர்ந்த குழியில் சிக்கித் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். ரப்பர் கிழியும், கிழிந்த ரப்பர் தண்ணீரைச் சரியாகத் துடைக்காது.

முழுக் கண்ணாடியும் வலை மாதிரி நொறுங்கியிருக்கிறது, அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது

இதில் யோசிக்க எதுவும் இல்லை. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், அல்லது இருக்கும் இடத்துக்கே வந்து கண்ணாடி மாற்றித் தருபவரை அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நொறுங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், அபாய விளக்கைப் போட்டுவிட்டு, பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி ஓரம் கட்டுங்கள். முன் கண்ணாடியில் பாலித்தீன் தாள் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதோ, கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் சட்டத்தோடு ஓட்டுவதோ வேண்டாம். கல்லும் பூச்சியும் நேராக முகத்தில் அடிக்கும்.

உடைந்தது பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி

பெரும்பாலான கார்களில் இவை கெட்டியாக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடி, உடைந்தால் மொத்தமாக உதிரும். பின் கண்ணாடி போய்விட்டால் இரண்டு பக்க ஆடிகளும் (மிரர்) சரியாக இருந்து, தாள் எதுவும் ஆடிகளை மறைக்காமல் இருந்தால் கடை வரை போகலாம். முன்கதவுக் கண்ணாடி உடைந்தால் தாள் ஒட்டாதீர்கள், அதன் வழியாகத்தான் பக்க ஆடியைப் பார்க்கிறீர்கள். திறந்தபடியே ஓட்டுவது மேல். கறுப்புத் தாள் எங்குமே வேண்டாம். இந்திய விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

வழியில் நிறுத்திக் கேட்டால்

எடுத்த படங்களையும் கடையில் நேரம் வாங்கியதற்கான செய்தியையும் காட்டுங்கள். நல்லெண்ணத்துக்கு அது சாட்சி, விலக்கு அல்ல. பிரிட்டனில் முன்கூட்டிப் பதிவுசெய்த எம்ஓடி சோதனைக்குச் சான்றிதழ் இல்லாமலே வண்டியைக் கொண்டுபோகலாம், ஆனால் வண்டி ஆபத்தில்லாத நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் நீங்குவதில்லை. "சரிசெய்யத்தான் போகிறேன்" என்பது, ஓட்டத் தகுதியற்ற வண்டியை எந்த ஊர்ச் சாலையிலும் தகுதியுள்ளதாக ஆக்கிவிடும் என்று நம்ப வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழுதுபார்க்கும் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். பாலிசியில் கண்ணாடிக்குத் தனி விதி இருக்கலாம்.

கண்ணாடி மாற்றியாயிற்று, உடனே ஓட்டலாமா?

உடனே முடியாது. பாலியூரித்தேன் பசை இறுக நேரம் வேண்டும். பசையின் வகை, அன்றைய வெப்பம், காற்றின் ஈரம் இவற்றைப் பொறுத்து ஒரு மணி நேரம் முதல் பல மணி நேரம் வரை ஆகும். "எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்று பொருத்தியவரிடமே கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அவர் ஒட்டிய டேப்பை அவர் சொல்லும் வரை பிய்க்காதீர்கள். ஓரிரு நாள் அழுத்தத் தண்ணீர் வேண்டாம், கதவையும் ஓங்கிச் சாத்த வேண்டாம்.

உள் ஆடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டி என்றால் இன்னொரு வேலை பாக்கி. தானாக பிரேக் பிடிப்பது, பாதைக்கோட்டைக் கவனிப்பது எல்லாம் அந்தக் கேமராவை நம்பித்தான் நடக்கின்றன. புதுக் கண்ணாடியில் அதன் கோணம் கொஞ்சம் மாறியிருந்தாலும் அது தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும். கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யும் வசதி அந்தக் கடையில் இல்லை என்றால், அது முடியும் வரை அந்த உதவி வசதிகளை அணைத்துவிட்டு, அவை இல்லாத வண்டியை ஓட்டுவதாக நினைத்து ஓட்டுங்கள்.